ஏ கொமீதோவா, கொமீயா? ஸ்பானிஷ் இறந்தகாலத்தில் ஊருக்கு ஊர் ஒரு வழக்கு

ஸ்பானிஷில் 'சாப்பிட்டேன்' என்று சொல்ல இரண்டு வழி. 'கொமீ' என்றால் ஒரே சொல்லில் முடிந்தது. 'ஏ கொமீதோ' என்றால் துணைவினையும் எச்சமும் சேர்ந்த கூட்டு. ஸ்பெயினில் அச்சாகும் பாடநூல்கள் பலவும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுவிடும்: இன்று, இந்த வாரம், இந்த வருடம் என்றால் கூட்டு, நேற்று, போன வாரம் என்றால் தனி. ஸ்பெயினின் தலைநகரான மத்ரீத்துக்கு அந்தக் கோடு சரி. மெக்சிகோ சிட்டியில் போய் இறங்கினால் வேலைக்கு ஆகாது.

வடிவத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய வம்பு இல்லை. 'ஆபேர்' என்ற துணைவினை ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆபெய்ஸ், ஆன் என்று ஆளுக்குத் தக்கபடி மாறும். இதில் 'ஆபெய்ஸ்' ஸ்பெயின்காரர்கள் பேச்சு. லத்தீன் அமெரிக்கா போகிறவர் அதைத் தொடவே வேண்டாம். எச்சத்துக்கு வந்தால், ஆப்லார் (பேசு) 'ஆப்லாதோ' ஆகும். கொமேர் (சாப்பிடு), சலீர் (கிளம்பு) இரண்டும் 'கொமீதோ', 'சலீதோ' ஆகும். அந்தத் 'தோ'வை நம் 'காது', 'அது' மாதிரி மென்மையாகச் சொன்னால் போதும், ஆங்கில 'டி' வேண்டாம். அடங்காத வினைகளும் உண்டு. தொல்லை என்னவென்றால் தினமும் வாயில் வருபவை அவைதான்: செய்ததற்கு ஏச்சோ, சொன்னதற்கு தீச்சோ, பார்த்ததற்கு பீஸ்தோ, எழுதியதற்கு எஸ்க்ரீத்தோ, வைத்ததற்கு புவெஸ்தோ. மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

ஆபேரோடு வரும் எச்சம் பாலோ எண்ணோ பார்த்து மாறாது. இரண்டுக்கும் நடுவே வேறு சொல்லை நுழைக்கவும் கூடாது; 'நான் அவனைப் பார்க்கவில்லை' என்பது 'நோ லோ ஏ பீஸ்தோ'. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் உடைமையைக் குறிக்கும் 'தெனேர்' வினையை எடுத்து 'தெங்கோ கொமீதோ' என்பார்கள். அது தப்பு.

இனிதான் சங்கதி. காலையில் மத்ரீத்காரர் 'ஆஸ் தெசாயுனாதோ?' (காலைச் சாப்பாடு ஆயிற்றா?) என்று கேட்பார். மெக்சிகோக்காரர் அதையே 'யா தெசாயுனாஸ்தே?' என்பார், நம் ஊர் 'சாப்பிட்டாச்சா?' போல. எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டதாகப் பதில் சொல்லும்போதும் மத்ரீத்தில் கூட்டுதான் வரும். நாள் இன்னும் முடியவில்லை அல்லவா, அதனால். மெக்சிகோவில் எட்டு மணிக்குச் சாப்பிட்டது எட்டு மணியோடு முடிந்த கதை.

அப்படியென்றால் மெக்சிகோவில் கூட்டு வடிவமே இல்லையா? உண்டு, வேலை வேறு. 'நோ ஆ யெகாதோ' என்றால் ஆள் இன்னும் வரவில்லை, வரலாம், காத்திருக்கிறோம். 'நோ யெகோ' என்றால் வரவேயில்லை, கதவைச் சாத்தலாம். தமிழில் 'வரல' இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் நாம் அடிக்கடி சறுக்கும் இடம் இது. அனுபவத்தைக் கேட்பதற்கும் அங்கே கூட்டுதான். அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனோஸ் ஐரெஸில் அதுவும் பெரும்பாலும் தனி வடிவத்துக்குப் போய்விடும். அந்த நகரத்தார் வாயில் 'யெகோ' என்பது 'ஷெகோ' என்று ஒலிக்கும் என்பது தனிக் கூத்து.

ஒரே நாட்டுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. அர்ஜென்டினாவின் வடமேற்கில், துகுமான், சால்தா பக்கம், கூட்டு தாராளமாகப் புழங்கும். பொலிவியாவில் 'நேற்று' என்ற சொல்லோடுகூட அது காதில் விழும். ஸ்பெயினிலேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகளில் இன்று நடந்ததற்கும் தனி வடிவம் சகஜம். பெயரில்கூட இரண்டு கட்சி: வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெல்யோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தில் கூட்டு வடிவத்துக்கு 'ஆந்தெப்ரெசெந்தே' என்று பெயர். ஸ்பானிஷ் அகாதமியோ அதை 'ப்ரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ கொம்புவெஸ்தோ' என்கிறது.

தமிழர்களுக்கு என் சிபாரிசு மெக்சிகோ வழக்கு. 'குற்றாலம் போயிருக்கீங்களா?' என்று அனுபவத்தைக் கேட்கும்போது 'இரு' சேர்க்கிறோம். 'காலைல தோசை சாப்பிட்டேன்' என்னும்போது சேர்ப்பதில்லை. கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். துணைவினையை எதிர்காலத்துக்குத் தள்ளினால் இன்னும் நெருக்கம்: 'ஆப்ரா யெகாதோ' என்றால் 'வந்திருப்பார்', நம்முடைய அதே யூகம். மத்ரீத் வழக்குக்குத்தான் காலண்டரைப் பார்த்துப் பேசும் புதுப் பழக்கம் தேவை. வேலையோ படிப்போ ஸ்பெயினில் என்றால் அதைப் பழகிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு அது அவசரமில்லை.

செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் 'தெலே' என்ற ஸ்பானிஷ் தேர்ச்சித் தேர்வை எழுதுகிறவர்களும் பயப்பட வேண்டாம். லத்தீன் அமெரிக்க வழக்குகளும் அங்கே செல்லும், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் எழுதினால் நல்லது. மத்ரீத் கடையில் 'ஓய் கொமீ' (இன்று சாப்பிட்டேன்) என்றால் யாரும் திருத்த மாட்டார்கள். லத்தீன் அமெரிக்காவில் கற்றவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.