120 மாத்திரை தைராய்டு பாட்டில்: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

சென்னை மெடிக்கல்களில் தைராய்டு மாத்திரை கேட்டால் பெரும்பாலும் பாட்டில்தான் கைக்கு வரும். தைரோநார்ம் பிராண்டு என்றால் 120 மாத்திரை, நாலு மாதத்துக்குக் கவலையில்லை. ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) உள்ளவர்களில் டோஸ் ஒரே அளவில் நின்றுவிட்டவர்களுக்கு இது நல்ல வசதி. இப்போதுதான் 25 மைக்ரோகிராமிலோ 50-லோ ஆரம்பித்தவர்களுக்கு வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், மருந்து போதாவிட்டால் கூடும்) பார்த்து டாக்டர் டோஸை மாற்றினால், மிச்சம் பாதி பாட்டில் வீண். அட்டையில் வருகிற பிராண்டும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எந்தப் பிராண்டானாலும் அதிலேயே இருப்பது நல்லது. கடையில் "அதே மருந்துதாங்க" என்று வேறு கொடுத்து, அதையே தொடர்ந்தால் 6 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பார்த்துவிட வேண்டும்.

பாட்டிலின் பெரிய எதிரி நம்ம ஊர்ப் புழுக்கம். மாத்திரையில் உள்ள மருந்தான லீவோதைராக்சின் சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றுக்கும் வீரியம் இழக்கும். மாத்திரை பொடிசு, சாய்த்தால் நாலைந்து சேர்ந்து விழும். வியர்த்த உள்ளங்கையில் கொட்டிவிட்டு மிச்சத்தைத் திரும்பப் போட்டால் ஈரமும் கூடவே உள்ளே போகும். மூடியில் தட்டி ஒன்றை மட்டும் எடுங்கள். அடுப்பு மேடை, பாத்ரூம் அலமாரி, வெயிலில் நிற்கும் கார் மூன்றும் ஆகாது. ஃபிரிட்ஜும் தேவையில்லை, வெளியே எடுத்துத் திறக்கும்போது உள்ளே நீர் கோக்கும். படுக்கையறை பீரோ போதும்.

வாங்கும்போது எண்ணை இரண்டு முறை படியுங்கள். 12.5-க்கும் 125-க்கும் நடுவில் இருப்பது ஒரு புள்ளி, டோஸோ பத்து மடங்கு. எல்லாம் மைக்ரோகிராம் கணக்கு.

காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். காபிக்கு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். ஃபில்டர் காபி இல்லாமல் விடியாத வீடுகளில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. டிஎஸ்ஹெச் கூடியதும் டோஸைக் கூட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். பேன்டோப்ரசோல் மாதிரி வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தினமும் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆன்டி-டிபிஓ (ஹாஷிமோட்டோவில் கூடும் ஆன்டிபாடி) 600, 1000 என்று வந்தவர்கள் கேட்பது: இந்த மாத்திரை அதைக் குறைக்குமா? அதற்காகக் கொடுக்கும் மருந்தே இல்லை இது. சுரப்பி சுரக்காத ஹார்மோனை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். டோஸ் டிஎஸ்ஹெச்-ஐ வைத்துத்தான், ஆன்டிபாடியை வைத்து அல்ல. ஹாஷிமோட்டோ ஒரு முறை உறுதியான பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டிபாடி சேர்த்த பேக்கேஜ் எடுப்பது லேபுக்குத்தான் லாபம். கர்ப்பம் உறுதியானால் மட்டும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். டோஸ் கூட்ட வேண்டி வரும்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுபவர்கள் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பல லேப் மெஷின்களில் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைவாகவும் டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாக அதிகமாகவும் காட்டும். அதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிடுவார்கள்.