நுசந்தாராவும் சிங்கப்பூரும்: மழைக்காட்டு மண்ணில் இரு நகர்த் திட்டங்கள்

இந்தோனேசியா 2019இல் அறிவித்த புதிய தலைநகரான நுசந்தாரா, போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தானில் சுமார் 2.5 லட்சம் ஹெக்டேரில் திட்டமிடப்பட்டுள்ளது; அதில் 65 விழுக்காட்டை மழைக்காடாக வைத்திருப்பதே அரசின் வாக்குறுதி. நகரின் மையப் பகுதி இயற்கைக் காடாக அல்லாமல் பெரும்பாலும் யூகலிப்டஸ் தோட்டமாக இருந்த நிலம் என்பதால், அந்த வாக்குறுதியை வெற்றுப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் புதிய சாலைகளும் கப்பல் போக்குவரத்தும் பாலிக்பாப்பான் வளைகுடாவின் அலையாத்திக் காடுகளையும், அங்கு வாழும் நீள்மூக்குக் குரங்குகளையும் நெருக்குகின்றன.

சிங்கப்பூரின் வழி, அடுக்குமாடிகளில் மக்களைச் செறிவாகக் குடியமர்த்தி எஞ்சிய காட்டைக் காப்பது. ஆதிக்காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்த பின் பிறந்த ஞானம்தான் என்றாலும், இரண்டில் இதுவே மேல் என்பேன். விரைவுச்சாலையால் துண்டான புக்கித் திமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் இணைக்க, மண் நிரப்பி உள்ளூர் மரங்கள் நட்ட 62 மீட்டர் நீளப் பாலத்தை 2013இல் கட்டி முடித்தார்கள். அழுங்கு எனப்படும் செதிலுடல் எறும்புதின்னிகள் அதைப் பயன்படுத்துகின்றன. சாலையைத் திட்டமிட்டபோதே அந்த இணைப்பை விட்டுவைத்திருந்தால், பாலத்துக்கான இந்தச் செலவு நேர்ந்திருக்காது.