கப்பிலிருந்து கிராமுக்கு: மூன்று வருடத் தராசு அனுபவம்

போன வாரம் தராசு திடீரென்று நின்றுபோனது. பேட்டரி தொடும் தகட்டில் துரு. சுரண்டித் துடைத்ததும் மறுபடி ஓடுகிறது. அன்றைக்கே தோழி கேட்டாள்: "கேக் செய்ய டிஜிட்டல் தராசு வேணுமா, கப் போதாதா?" வாரத்துக்கு ஒரு முறையாவது இதில் நிறுக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் கப்பை விட்டதற்குக் காரணம் மைதா. கரண்டியால் போட்டு மேலே வழித்து நிறுத்தால் ஒரு கப் 122 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 148. மூன்று கப் கேட்கிற ரெசிபியில் அது 78 கிராம் வித்தியாசம். கேக் வறண்டு விரிசல் விடும்போதெல்லாம் ஓவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பாவம்.

கப்பும் ஊருக்கு ஒன்று. அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. ரெசிபி எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று பார்க்காமல் மாற்றினால் கணக்கு முதல் வரியிலேயே தப்பும்.

அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பது ஒரு அமெரிக்கக் கப்புக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு: மைதா 120, சர்க்கரை 200, வெண்ணெய் 227, தேன் 340. சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் அநேகமாக இதே எண்தான். மைதாவுக்குத்தான் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள், 120, 125, 140 என்று. அதனால் நான் ஒரு ரெசிபியை முதல் தடவை 120 வைத்துச் செய்வேன். மாவு தளர்வாக இருந்தால் பத்துப் பத்து கிராமாகக் கூட்டி, சரியாக வந்த எண்ணை ரெசிபிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அதற்கப்புறம் அந்த ரெசிபிக்குக் கப் தேவையே இல்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் தேன்தான். கிண்ணத்தைத் தராசில் வைத்து, டேர் பட்டனை (கிண்ணத்தின் எடையைக் கழித்துத் திரையை 0 ஆக்குவது) அழுத்தி, பாட்டிலிலிருந்து நேராக 170 கிராம் ஊற்றினால் அரைக் கப். கப்பில் ஒட்டியதை வழிப்பதும் இல்லை, கழுவுவதும் இல்லை. இதற்காக மட்டுமே தராசு வாங்கலாம்.

இப்போது எரிச்சல். மூன்று வருடமாக என்னைப் படுத்துவது ஒரே விஷயம்: மெதுவாகப் போட்டால் இதற்குத் தெரிவதில்லை. சென்சார் தானாக லேசாக அலைவதைச் சரிக்கட்ட, சின்ன மாற்றங்களைப் பூஜ்ஜியமாகவே எடுத்துக்கொள்ளும்படி இதை அமைத்திருக்கிறார்கள். நேற்று மைதாவை நிறுத்து, டேர் அழுத்தி, 6 கிராம் சமையல் சோடாவைப் பாக்கெட்டிலிருந்து மெல்லத் தட்டினேன். 0. இன்னும் தட்டினேன். 0. கொஞ்சம் வேகமாகத் தட்டியதும் 2, 4, 6. அதற்கு முன்னால் விழுந்ததெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. கேக் அடர்பழுப்பாகி, நாக்கில் சோப்புக் கசப்பு. நாலு முட்டையும் 200 கிராம் வெண்ணெயும் குப்பைக்குப் போயின.

இதற்கு ஒரு வழி உண்டு. சோடா டப்பாவையே தராசில் வைத்து டேர் அழுத்தி, ஒரு ஸ்பூன் எடுத்தால் திரையில் -5 என்று காட்டும். ஆனாலும் ஒரு கிராம் படியில் காட்டும் தராசில் 5 என்பது நாலரையாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம். சோடா, ஈஸ்ட், உப்பு என்று 10 கிராமுக்குக் கீழே எதுவானாலும் இனி எனக்கு டீஸ்பூன்தான்.

மூன்று வருடத்தில் என் கேக்குகள் ஒரே மாதிரி வரக் காரணம் இந்தத் தராசுதான், அதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதற்கு மேல் மனசு வரவில்லை. தோழியிடமும் இந்த மாடல் வேண்டாம் என்றே சொன்னேன். எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு கிண்ணத்தை வைத்து டேர் அழுத்தி, ஒரு டீஸ்பூன் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பார். அவ்வளவும் போட்ட பிறகும் 0 காட்டினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடு.