எஞ்சினா, அட்டையா, பாசியா, கருவாடா?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு இறுகியிருந்தபோது ஒருநாள் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் நின்றேன். பெரியப்பாவின் படகு இரண்டு கூடை நீலக்கால் நண்டோடு வந்து சேர்ந்தது. மற்ற நாளென்றால் நண்டு வாங்குகிற வாடியில் தராசு தொங்கும், பெடியள் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு வாடி பூட்டு. கொழும்பு லொறி இல்லை. அமெரிக்காவுக்குப் போகிற நண்டு, அங்கே உணவகங்கள் மூடியதால் இங்கே கூடைக்குள் கிடந்து சரசரத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா ஆறு வீட்டுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். "கடலுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. வருத்தம் றோட்டுக்குத்தான்" என்றார்.

மீன்பிடித் தொழிலை மீட்கக் காசு எதில் போடலாம் என்ற பேச்சு எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழும்போதெல்லாம் எனக்கு இந்த வார்த்தைதான் ஞாபகம் வரும். திரும்பவும் றோட்டு மூடினால் எது தாங்கும்?

முதலில் எல்லோரும் கேட்பது படகும் எஞ்சினும் வலையும். கேட்பதில் பிழையில்லை, தெரிந்த தொழில் அதுதானே. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்றால் 1,740 ரூபா செலவு 6,800 ஆனது. வலையில் ஒன்றும் படாவிட்டாலும் அந்த 6,800 போனதுதான். விலை ஏறுவதற்கு முந்திய மாதங்களில் காசு கொடுத்தும் எண்ணெய் கிடைக்காமல் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த கதை வேறு.

அதற்கும் மேலே, கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலை. இலங்கையில் 2017இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. ஆனாலும் திங்கள், புதன், சனி இரவுகளில் அக்கரைத் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள், றோலர்கள், வருவது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இரவுகளில் வலை விடப் பயந்து எங்கள் ஆட்கள் கரையில் நிற்கிறார்கள். துணிந்து விட்டவனின் வலை காலையில் துண்டு துண்டாக மிதக்கிறது. இதைத் தீர்க்காமல் வலைக்குக் கடன் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை. பழுதான எஞ்சினைத் திருத்தக் கொடுங்கள், சரி. புதுப் படகு வேண்டாம் என்பது என் எண்ணம். இதைச் சொன்னால் கரையில் எனக்குப் பேச்சு விழும்.

அடுத்தது கடலட்டை, வெள்ளரிக்காய் மாதிரி உடம்புள்ள கடலடி உயிர். பண்ணை என்றால் எங்களுக்கு முந்திப் பண்ணைப் பாலம்தான், இப்போது அட்டைப் பண்ணை. களப்பு, அதாவது கரையோரக் கடலேரி, பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு ஆழம்தான். கம்பு நட்டு வலை சுற்றிக் குஞ்சு விட்டால், பகலில் மணலுக்குள் புதைந்தும் இரவில் வெளியே வந்து மண்ணைத் தின்றும் அது தன்பாட்டில் வளர்கிறது. தீன் போடத் தேவையில்லை, எஞ்சின் தேவையில்லை. விற்கிற பருவம் வர எட்டு மாதம், ஒரு வருடம், சிலவேளை அதற்கும் மேலே ஆகும். பிடித்து, குடல் எடுத்து, அவித்து, காயவைத்தால் பச்சை எடையில் பத்திலொரு பங்குகூட மிஞ்சாது. ஆனால் காய்ந்த அட்டை கெடாது. றோட்டு மூடினால் மூட்டையில் கிடக்கும், பிடிக்காவிட்டால் கடலில் கிடக்கும். றோட்டு மூடினால் எது தாங்கும் என்ற கேள்விக்கு இதுவே முதல் நல்ல பதில்.

அப்படியானால் எல்லோரும் அட்டைக்கு மாறிவிடலாமா? மூன்று இடத்தில் எனக்கு இடறுகிறது. ஒன்று மழை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் களப்புக்குள் இறங்கி உப்புக் குறைந்தால் அட்டை சாகும், வருட உழைப்பு ஒரு கிழமையில் போகும். இரண்டாவது, வாங்குகிறவன். கடைசியில் சரக்கு போய்ச் சேர்வது ஹொங்கொங், சீனா, சிங்கப்பூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் யாரும் அட்டை தின்பதில்லை, விலை விழுந்தால் குழம்பு வைக்கவும் வழியில்லை.

மூன்றாவதுதான் பெரிசு: இடம். களப்பு யாருக்கும் உறுதி எழுதிக் கொடுத்த காணி அல்ல. சிறகுவலைக்காரனுக்கு வலை கட்ட ஒரு பாடு, தடியூன்றிப் போகிறவனுக்கு ஒரு வழி, கரையோரம் கையால் இறால் தடவுகிற பெண்களுக்கு ஒரு பகுதி என்று எழுதாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது. ஒரு வேலி எழும்பினால் அந்த ஒழுங்கு குழம்பும். 2021இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கௌதாரிமுனையில் சீன நிறுவனத்தின் பண்ணைக்கு எழுந்த எதிர்ப்பை வெறும் அரசியல் என்று தள்ளிவிட்டவர்கள், அங்கே தொழில் செய்கிறவனிடம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வருடமே யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பில் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏக்கர்க் கணக்கில் யோசித்தால் இப்படித்தான் வரும். உள்ளூர்க் குடும்பத்துக்கு ஒரு சின்னத் துண்டு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே படகு வழி, சாதாளை என்கிற கடற்புல் அடர்ந்த இடத்தில் வேலி இல்லை என்ற மூன்றையும் சங்கமே எழுதிக் கையெழுத்து வைத்தால் நானும் அட்டைக்கு ஆதரவு. சாதாளைதான் ஓரா மீனுக்குச் சாப்பாடு, இறால் குஞ்சுக்கு ஒளிப்பிடம். அதை அழித்து அட்டை வளர்த்தால் ஒரு கையால் வாங்கி மறுகையால் கொடுக்கிற கதை.

புத்தளம், சிலாபம் பக்கம் இறால் பண்ணை வந்தபோதும் தங்கம் தங்கம் என்றுதான் சொன்னார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. கைவிட்ட குளங்கள் பல கிடந்தன.

கடற்பாசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கயிற்றில் கட்டினால் 45 நாளில் வெட்டலாம், போடுகிற முதல் குறைவு, காயவைத்தால் அதுவும் காத்திருக்கும். விலை அட்டைக்குப் பக்கத்திலும் நிற்காது. மழைத் தண்ணீர் இதற்கும் எமன். மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் இப்படி வளர்க்கிற கப்பாபைக்கஸ் என்ற பாசி கயிற்றை விட்டுப் பரவிப் பவளப் பாறையில் ஏறியிருக்கிறது. பக்க வருமானமாக இருக்கட்டும், குடும்பத்தையே அதில் தொங்கவிட வேண்டாம்.

மிச்சம் யாரும் கேட்காத ஒன்று: ஐஸும் கருவாடும். 2020 ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவி அது மூடியபோது, மீன் தின்றால் நோய் வரும் என்ற பயம் நாடு முழுக்கப் பரவியது. முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் மீனைக் கெடாமல் வைத்திருக்கக் கரையில் எங்களிடம் என்ன இருந்தது? ஐஸ் கட்டியை வெளியிலிருந்து எதிர்பார்க்கும் சில ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகள். மீனை ஏலம் கூறுகிறவன் சொன்ன விலைக்குத் தலையாட்டாவிட்டால் மத்தியானத்துக்குள் மீன் வெளுத்துவிடும்.

இந்த நாட்டில் கருவாடு இறக்குமதியாகிறது, சுற்றிவரக் கடல் இருந்தும். எங்கள் பக்கத்தில் வெயிலுக்குக் குறையில்லை, உப்புக்கு ஆனையிறவு உப்பளம் இருக்கிறது. குறைவு, ஈ மொய்க்காத வலைக்கூடு, மணல் படாத பரண், மழை நாளுக்கு ஒரு உலர்த்தி, ஒழுங்கான பொதி. ஒரு புதுப் படகுக்கும் எஞ்சினுக்கும் போகிற காசில் இப்படி ஒரு சின்னக் கொட்டில் போடலாம், பத்துப் பெண்கள் வேலை செய்யலாம் என்பது என் கணிப்பு. மண்ணெண்ணெய் வேண்டாம், சீனா வாங்க வேண்டாம், களப்பில் ஒரு கம்பும் நட வேண்டாம். எனக்கு ஒரு வாக்கு இருந்தால் அது இதற்குத்தான். அடுத்தது படகு வழி விட்ட சின்ன அட்டைத் துண்டு, பிறகு எஞ்சின் திருத்தம், கடைசியில் பாசி.

பெரியப்பாவுக்கு நான் சொல்வதில் பாதிதான் உடன்பாடு. அட்டைக்கு அவர் இன்னும் கிட்டப் போகவில்லை. போன மாதம் பழைய வலைத் துண்டுகளை இணைத்துப் பெரியம்மா பின்வளவில் ஒரு கூடு கட்டினா. முதல் தடவை உப்புக் காணாமல் திரளி மீன் மணத்துப் போயிற்று. இரண்டாம் தடவை கட்டா மீன் கருவாடு நன்றாக வந்தது. அரைவாசியைக் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற மச்சாளுக்கு இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டா. பஸ்காரன் மணக்குது என்று முறைத்தானாம். "மூண்டு பொலித்தீன் சுத்தினனான், இனி நாலு சுத்திறன்" என்கிறா.