ரீப்பர்: பேட் ஒலியை அசைக்க இதுவே போதுமா?

செகாவோ (மொரீசியஸின் நாட்டார் இசை) தைப்பூசக் காவடிப் பாடலோ, பின்னால் விரித்த சிந்த் பேட் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் ஒலி) அசையாமல் கிடந்தால் இரண்டாம் சரணத்துக்குள் காது அதை மறந்துவிடும். மொரீசியஸ் வீட்டு ஸ்டுடியோக்காரர்கள் இதற்கென்று தனி ப்ளகின் வாங்கும் முன், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ‘பாராமீட்டர் மாடுலேஷனை’ (ஒரு ஸ்லைடரைத் தானாக ஆட்டும் வசதி) ஒருமுறை திறந்து பார்க்கலாம். 60 நாள் முழுதாகச் சோதிக்க விடுகிறார்கள். சொந்தப் பயனுக்கான உரிமம் 60 டாலர்.

பேட் டிராக்கில் ரீஈக்யூவை (ரீப்பரோடு வரும் ஈக்வலைசர்) போட்டு, ஒரே ஒரு பேண்டை வைத்துக்கொண்டு அதை லோபாஸ் (ஓர் அளவுக்கு மேலுள்ள கூர்மையான ஒலியை வெட்டும் ஃபில்டர்) ஆக்குங்கள். ஃப்ரீக்வென்சி ஸ்லைடரை ஒரு தடவை தொட்டு அசைத்த பிறகே ‘பாராம்’ பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியாகத் தொட்டது எதுவோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். பலரும் இங்கேதான் தவறான ஸ்லைடரை ஆட்டிவிட்டுக் குழம்புவது. எல்எஃப்ஓவை (ஸ்லைடரை மெதுவாக ஆட்டும் அலை) இயக்கி, சைன் வடிவம், அடிநிலை 500 ஹெர்ட்ஸ் அளவில், ஸ்ட்ரெங்த் (ஆட்டத்தின் அளவு) 20 சதவீதம் என்று தொடங்கலாம். 40ஐத் தாண்டினால் பேட் போய் கிட்டாரின் வா-வா பெடல் ஒலி வந்துவிடும்.

செகாவுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெம்போ சிங்க் (அலையைப் பாட்டின் வேகத்தோடு இணைக்கும் அமைப்பு) கால் நோட்டுகளில் எண்ணுகிறது. 6/8 தாளத்தில் ஒரு பாரில் (தாளச் சுற்றில்) கால் நோட்டுகள் மூன்றுதான். பழக்கதோஷத்தில் 4 என்று வைத்தால் ஃபில்டர் ஒவ்வொரு பாரிலும் வேறு இடத்தில் திறக்கும், ரவான் (செகாவின் தோல் மேளம்) அடியோடு ஒட்டாது. ஃபில்டருக்கு 12, ஒலியை இடவலமாக நகர்த்தும் பேனையும் (pan) ஆட்டினால் அதற்கு 15 வையுங்கள். நான்கு பாரும் ஐந்து பாரும் 20 பாருக்கு ஒருமுறைதான் சந்திக்கும், அதனால் ஒரே சுற்று திரும்பத் திரும்ப வருவது காதில் படாது.

இன்னும் அழகானது ஆடியோ கன்ட்ரோல் சிக்னல், அதாவது வேறொரு ஒலியின் சத்தத்தால் ஸ்லைடரை ஆட்டுவது. பேட் டிராக்கை நான்கு சேனலாக்கி, ரவான் டிராக்கிலிருந்து 3, 4ஆம் சேனல்களுக்கு ஒலியை அனுப்பி (சென்ட்), திசையை நெகட்டிவ் ஆக்கினால் ஒவ்வொரு அடிக்கும் ஃபில்டர் கொஞ்சம் மூடித் திறக்கும். அட்டாக் (மூடும் நேரம்) 15, ரிலீஸ் (மீண்டும் திறக்கும் நேரம்) 180 மில்லிசெகண்ட் நல்ல தொடக்கம். ரிலீஸ் நீண்டால் அடுத்த அடி வருவதற்குள் திறக்க நேரமிருக்காது, பேட் மங்கியே கிடக்கும்.

குறைகளும் உண்டு. எல்எஃப்ஓ அலை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லும் ஃபேஸ் ரீசெட், ஃப்ரீ-ரன்னிங்கில் இருந்தால் ஒவ்வொரு ரெண்டரும் (பாட்டைக் கோப்பாக எழுதுவது) வேறு மாதிரி வரும். சீக்/லூப் என்று மாற்றிவிடுங்கள். மாடுலேஷன் பிளாக் கணக்கில் (ஒலியைத் துண்டு துண்டாகக் கையாளும் கணக்கில்) நகர்வதால், 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது துண்டின் அளவு, 1024 என்றால் 23 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் மதிப்பு மாறும். மெதுவான அலையில் தெரியாது, வேகமான அலையில் படிக்கட்டு போலக் கொறகொறக்கும். 256க்கு இறக்குங்கள். ரெண்டருக்கான பிளாக் அளவு தனி அமைப்பு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்எஃப்ஓ வடிவத்தைக் கையால் வரைய முடியாதது பெரிய குறை. அதற்கு ஆட்டோமேஷன் ஐட்டம் (ஸ்லைடரின் போக்கைக் காட்டும் கோட்டுத் துண்டு) வரைந்து லூப் செய்யலாம். எல்எஃப்ஓவும் கூடவே ஓடினால், வரைந்த கோடு அடிநிலையை நகர்த்த, அலை அதன்மேல் ஆடும்: சரணத்தில் 400, பல்லவியில் 1200 ஹெர்ட்ஸ் என்று கோட்டை ஏற்றினாலே பாட்டு விரிந்துவிடும். ஆனால் ஃபில்டர் திறக்கும்போது சத்தமும் ஏறும். பல்லவியில் பேடை ஒன்றிரண்டு டெசிபல் இறக்காவிட்டால் பாடுபவர் குரல் அமுங்கிப்போகும்.