ஆறு வருடம் மேனுவல், மூன்று வருடம் ஆட்டோமேட்டிக்: ஓட்டித் தெரிந்துகொண்டது

மேனுவல் எடுக்கவா, ஆட்டோமேட்டிக் எடுக்கவா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்ஜின் என்ன? கியர்பாக்ஸை மட்டும் தனியாகப் பிரித்துவைத்து முடிவெடுக்க முடியாது. ஒன்பது வருடத்தில் மூன்று விதமான கியர்பாக்ஸ் ஓட்டிய பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்களின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு கம்பெனிப் பக்கம் போய்விடும்.

முதல் கார் இரண்டு கதவு கூப்பே. பின்சக்கர இழுவை, டர்போ இல்லாத 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 6 கியர் மேனுவல். ஆறு வருடம், 92,000 கிலோமீட்டர். அந்த இன்ஜினின் முழு டார்க், அதாவது சுழற்றி இழுக்கும் விசை, 6,400 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மேலேதான் கிடைக்கும். 3,500 வரை சாதுவான வண்டி. 5,000 தாண்டினால் சத்தமும் மாறும், வண்டியும் மாறும். ஆக, ஓட்டுபவருக்கு முக்கியமான வேலை, ஆர்பிஎம் ஊசியை அந்த உயரத்திலேயே வைத்திருப்பது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போதே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட வேண்டும். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, இன்ஜின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்தோடு சேர்த்துவிட்டுக் கிளட்சை விட வேண்டும். ஹீல் அண்ட் டோ என்பது இதுதான். தட்டு குறைந்தால் பின்சக்கரம் உதறும், அதிகமானால் வண்டி முன்னால் தாவும். எனக்குக் கைவர நாலு மாதம் ஆனது. ஒருநாள் மலைப்பாதையில் இறங்கிவரும்போது அடுத்தடுத்து ஏழெட்டு வளைவுகளிலும் மூக்கு ஒருமுறைகூட ஆடாமல் வண்டி உள்ளே நுழைந்தது. அன்றைக்கு ஓட்டிய ஒவ்வொரு வளைவும் இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்தாவது வருடம் இடது முட்டியில் தசைநார் அறுவைச் சிகிச்சை. சில மாதங்களுக்குக் கிளட்சை மிதிக்கவே கூடாது என்றார் மருத்துவர். என் காரைப் பார்த்து ஆசைப்பட்டு அக்கா அதே மாடலை வாங்கியிருந்தாள், ஆனால் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் வகை). சாவியை மாற்றிக்கொண்டோம். நாலு மாதம், சுமார் 6,000 கிலோமீட்டர். அதே இன்ஜின், அதே சேஸிஸ், அதே டயர் அளவு. கியர்பாக்ஸ் மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

இரண்டுமே ஆறு கியர்தான், ஆனால் கியர் விகிதங்கள் ஒன்றல்ல. மேனுவலில் ஆறாவது கியர் 0.767, ஆட்டோமேட்டிக்கில் 0.582. எண் சிறியதானால் அதே வேகத்துக்கு இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் போதும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் இரண்டிலும் 4.1. அதனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் என் கார் சுமார் 2,670 ஆர்பிஎம்மில் ஓடும். அக்கா கார் 2,030-ஐ ஒட்டி அமைதியாகப் போகும். நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம் ஓட்டி இறங்கினால் இந்த வித்தியாசம் காதில் தெரியும், பெட்ரோல் கணக்கிலும் தெரியும். அந்த அமைதிக்கான விலை உயர்ந்த ஆர்பிஎம்மில் தெரியும். 7,400 வரை இழுத்து மூன்றிலிருந்து நாலுக்கு மாற்றினால் மேனுவல் 5,800-க்கு இறங்கும், ஆட்டோமேட்டிக் 5,270-க்கு இறங்கிவிடும். உயிரே உச்சியில் இருக்கும் இன்ஜினுக்கு அந்த 500 ஆர்பிஎம் சின்ன விஷயமில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மறுபடி ஏறிவர வேண்டியிருக்கிறது.

ஆனால் மலைப்பாதையில் என்னை உண்மையில் யோசிக்கவைத்தது வேறு. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் டி-யில் போட்டு ஓட்டுகிறேன். வளைவு வருகிறது, காலைத் தளர்த்துகிறேன். கியர்பாக்ஸ் அதை ‘இவர் நிதானமாகப் போகிறார்’ என்று எடுத்துக்கொண்டு நாலுக்கு ஏற்றிவிடுகிறது. வளைவின் நடுவில் எனக்கு வேண்டியது இரண்டு. வெளியே வரும்போது அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு இரண்டு கியர் ஒன்றாக இறங்கி வண்டி துள்ளும். ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருக்கும் அந்த நேரத்தில் பின்டயருக்கு அந்தத் துள்ளல் நல்லதல்ல. குறை சொல்ல முடியாது. பெடல், வேகம், சரிவு எல்லாம் அதற்குத் தெரியும். அடுத்த வளைவு எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. நடந்ததை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. நான் வரப்போவதைப் பார்த்து முடிவெடுக்கிறேன். ஸ்டீயரிங்கின் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பட்டையான பேடில் ஷிஃப்டரைப் பிடித்து நானே மாற்ற ஆரம்பித்ததும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. விகிதங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் தீரவில்லை.

இதையெல்லாம் நான் ஆர்வமாக விளக்கியபோது அக்கா பொறுமையாகக் கேட்டாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்: “உன் வண்டி அருமையாத்தான்டா இருக்கு. ஆனா தினம் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்ல நகர்ந்து வீட்டுக்கு வந்தா கால் என்னோடதா இல்ல. மலைக்கு நான் வருஷத்துல ரெண்டு தடவை போவேனா?” அவள் தேர்வு அவளுக்குச் சரி. வாரத்தில் ஐந்து நாள் ஊர்ந்து போகிறவர் இரண்டு நாளை நினைத்து வண்டி வாங்கினால், ஆறு மாதத்தில் அந்த வண்டியின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இப்போது மூன்று வருடமாக, 41,000 கிலோமீட்டராக ஓட்டுவது 2 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக், 7 கியர் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்). இங்கேதான் என் முதல் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. 350 நியூட்டன் மீட்டர் டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. ஒரு கியர் தள்ளி இருந்தாலும் வண்டி இழுக்கும். சரியான கியரில் இருந்தே ஆக வேண்டும் என்ற அவசரம் இந்த இன்ஜினுக்கு இல்லை. அதனால் மேனுவல் தரும் பலனும் பாதியாகிவிடுகிறது. இதே காரின் மேனுவலையும் டெஸ்ட் டிரைவ் செய்தேன். காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் அரை நொடி தொங்கிக்கொண்டு நின்றது. ரெவ் ஹேங் என்பார்கள். வேகமாக மாற்றினால் உதறல், பொறுத்து மாற்றினால் சலிப்பு. ஆட்டோமேட்டிக்கையே எடுத்தேன், இதுவரை வருத்தமில்லை.

டூயல் கிளட்ச் சாலைக் கார்களில் பெரிய அளவில் வந்தது 2003-இல், ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 மூலமாக. ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். மூன்றில் ஓடும்போதே நாலு தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். இழுவை அறுபடாது. எந்தக் கையாலும் அந்த வேகத்தில் மாற்ற முடியாது. ஆனால் இதுவும் ஊகித்துத்தான் வேலை செய்கிறது. நாலில் போகும்போது ஐந்தைத் தயாராக வைத்திருக்கும் நேரத்தில் நான் திடீரென்று இரண்டு கேட்டால், நாலும் இரண்டும் ஒரே கிளட்சில் என்பதால் அந்தச் சொடுக்கும் வேகம் காணாமல் போகிறது. ஓவர்டேக் செய்யும் முன்பே பேடிலால் இறக்கிவைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மேனுவலில் கற்ற பாடம் அது.

ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் டூயல் கிளட்சை டார்க் கன்வெர்ட்டர்போல நடத்தக் கூடாது. நடுவில் எண்ணெய் வழி இணைப்பு இல்லை. வண்டி மெல்ல நகரும் ஒவ்வொரு அடிக்கும் கிளட்ச் தேய்ந்து சூடாகிறது. எண்ணெயில் நனைந்த கிளட்ச் சூட்டைத் தாங்கும், உலர் கிளட்ச் அவ்வளவு தாங்காது. முன்வண்டியோடு ஒட்டி அடியடியாக நகராமல் கொஞ்சம் இடைவெளி விழவிட்டு ஒரேயடியாகப் போவேன். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்கவே மாட்டேன், பிரேக்தான்.

செலவு என்று பார்த்தால், மேனுவலில் 78,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்றினேன். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதால் பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். ஆட்டோமேட்டிக்கில் ‘ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். 8 கியர் ஆட்டோமேட்டிக்குக்குப் பேர்போன இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

வேகம் வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக், அதில் விவாதமில்லை. போர்ஷே 2013-இல் தன் 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரை டூயல் கிளட்சில் மட்டும் கொடுத்தது. ஓட்டுபவர்களிடம் எழுந்த ஏக்கத்துக்குப் பிறகு 2016-இல் 911 ஆர் மேனுவலில் மட்டும் வந்தது, மொத்தமே 991 கார்கள். அடுத்த வருடமே ஜிடி3-இலும் மேனுவல் திரும்பியது. டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான சுப்ரா 2019-இல் ஆட்டோமேட்டிக்கோடு மட்டும் வந்து, 2022-இல் மேனுவலையும் சேர்த்துக்கொண்டது. கடிகாரத்தில் தோற்கும் என்று தெரிந்தும் கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஏக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

டெஸ்ட் டிரைவுக்குப் போனால் ஷோரூம்காரர் காட்டும் நேர் சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்து பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் ஸ்போர்ட் மோடைத் தொடாமல் டி-யில் ஒரு இறக்கத்தில் விட்டுப் பாருங்கள், கியரைப் பிடித்து நிறுத்துகிறதா, ஏற்றிவிட்டு ஓடுகிறதா என்று. மேனுவலில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது ஆர்பிஎம் ஊசி தொங்கிக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். பெடல்கள் ஹீல் அண்ட் டோவுக்கு எட்டுகின்றனவா என்று உங்கள் வழக்கமான செருப்பிலேயே பாருங்கள்.

போன மாதம், என் பழைய கூப்பே மாடலிலேயே பழைய மேனுவல் கார் ஒன்று விற்பனைக்கு வந்தது. ஹேட்ச்பேக் தினசரிக்கு இருக்கட்டும் என்று நினைத்துத்தான் பார்க்கப் போனேன். கிளட்சை இருபது முப்பது தடவை மிதித்தேன். முட்டி வலிக்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.