மாருதி 800-க்கு ஃபேன் பெல்ட் மாற்றி மூன்று வருடம்: என் அனுபவம்

அப்பா வாங்கிய 2005 மாடல் மாருதி 800, ஏசி இல்லாத வண்டி. 2022 மே மாதம் இதற்கு ஃபேன் பெல்ட் மாற்றினேன். 26,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

பெயர்தான் ஃபேன் பெல்ட். இந்த வண்டியில் ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி மோட்டார் உண்டு. பெல்ட் ஓட்டுவது ஆல்டர்நேட்டரையும் வாட்டர் பம்பையும். பேட்டரி சார்ஜ் ஆவதும் எஞ்சின் சூடேறாமல் இருப்பதும் அதை நம்பித்தான்.

மாற்றுவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம் வரும். மழை நாளில் இன்னும் அதிகம். வழக்கமாக விடும் பட்டறையில் ஒவ்வொரு தடவையும் ஆல்டர்நேட்டரை நெம்பி, பெல்ட்டை இறுக்கிக் கொடுப்பார்கள். இரண்டு வாரம் சத்தம் இருக்காது, அப்புறம் மறுபடியும் ஆரம்பிக்கும். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம், தாம்பரத்திலிருந்து திரும்பும்போது கத்திப்பாராவுக்குச் சற்று முன்னால் பேட்டரி விளக்கு எரிந்தது. டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன், பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பெல்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். வீடு பக்கம்தானே என்று ஓட்டியிருந்தால், சூட்டில் எஞ்சின் தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்து ஆலந்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். அறுந்த பெல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "பக்கவாட்டைத் தடவிப் பாருங்க சார்." கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. வி வடிவ பெல்ட், தான் சுற்றும் புல்லி என்ற சக்கரத்தின் பள்ளத்தைப் பிடிப்பது இரு பக்கச் சரிவில்தான், அடிப்பாகத்தில் இல்லை. "பக்கம் தேஞ்சு பள்ளத்து அடியில உக்காந்துடுச்சு. இதுக்கு மேல எவ்ளோ இறுக்கினாலும் வழுக்கும் சார்." அடுத்து வாட்டர் பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது. இறுக்கி இறுக்கியே பேரிங் போயிருந்தது. பெல்ட் சில நூறு ரூபாய்தான், பம்புக்கு அதைப்போலப் பல மடங்கு ஆனது. அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் பழைய பெல்ட்டைக் காட்டி, அதன் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணை ஒப்பிட்டு வாங்கினேன். கையிலே பழையது இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். அகலமோ நீளமோ கொஞ்சம் மாறினாலும் சரியாக உட்காராது.

மாட்டிய பிறகு மெக்கானிக் இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார். கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பேரிங்குக்குக் கேடு, தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். புது பெல்ட் கொஞ்சம் நீளும் என்பதால் 500 கிலோமீட்டரில் வரச்சொல்லி ஒருமுறை சரிசெய்தார். அதோடு சரி, மூன்று மழைக்காலம் போயும் ஒரு கீச்சுச் சத்தம் இல்லை.

இதையும், எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூடிக்குள் இருக்கும், பெரும்பாலும் சத்தமே காட்டாமல் அறுந்துவிடும். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றுவதுதான் அதற்கு வழி.

போன ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆறியதும் பெல்ட்டை லேசாகத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் மயிரிழை போல இரண்டு வெடிப்பு தெரிகிறது. புது பெல்ட் வாங்கி டிக்கியில் வைத்தாயிற்று, ஐப்பசி மழைக்கு முன்னால் மாட்டிவிடுவேன்.